ஆந்த்ரோவா, ஹியூமனாய்டா? டேக் குழம்பும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

ஓவியங்கள் பதிவேற்றும் தளம் ஒன்றில் ஆறு வருடமாகத் தன்னார்வலராக டேக், அதாவது படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அதன்மேல் போடும் குறிச்சொல், சரிபார்த்து வருகிறேன். என் வரிசையில் மற்ற எல்லாப் பிழைகளையும் விட அதிகமாக வருவது ஒன்றுதான்: ஹியூமனாய்ட் போட வேண்டிய இடத்தில் ஆந்த்ரோ, ஆந்த்ரோ போட வேண்டிய இடத்தில் ஹியூமனாய்ட். ஆந்த்ரோ என்றால் மனிதரைப் போல நிமிர்ந்து நிற்கும், மிருக முகமுள்ள உருவம். ஹியூமனாய்ட் என்றால் மனித முகம் கொண்ட, ஆனால் முழு மனிதரல்லாத உருவம். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பூனைக்காது வைத்த பெண்ணை வரைகிறவருக்கும், ரோமமும் மூஞ்சியுமாக (மூக்கும் வாயும் முன்னால் தள்ளிய மிருக முகப்பகுதியைத்தான் இங்கே மூஞ்சி என்கிறேன்) ஓநாய் வரைகிறவருக்கும் ரசிகர்கள் வேறு வேறு. டேக் தவறினால், தேடுகிறவர் கண்ணில் அந்தப் படம் படாது. இந்த வகை வேண்டாம் என்று விலக்கு பட்டியலில் போட்டு வைத்தவர் கண்ணில்தான் போய் விழும். பல நாள் உட்கார்ந்து வரைந்த ஒருவரின் படம் அப்படிக் காணாமல் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் இருக்கும். நேரமும் உழைப்பும் அதிகம் கேட்பது கடைசியில்.

## எதையும் மாற்றுவதற்கு முன்: மூன்று பார்வை

முதலில் படத்தை முழு அளவில் திறந்துகொள்ளுங்கள். பட்டியலில் தெரியும் சிறுபடத்தை வைத்து டேக் மாற்றவே கூடாது. அதில் நிழல் ரோமமாகத் தெரியும், தாடி மூஞ்சியாகத் தெரியும்.

அப்புறம் இந்த வரிசையில் பாருங்கள்.

முகம். மூக்கும் வாயும் சேர்ந்து முன்னால் தள்ளியிருக்கிறதா? அலகு இருக்கிறதா? மூக்கு நுனி நாய், பூனைக்கு இருப்பது போல ஈரமான முக்கோணமாக இருக்கிறதா? ஆம் என்றால் ஆந்த்ரோ பக்கம். மனித மூக்கு, மனித உதடு, முகத்தில் வெறும் தோல் என்றால் ஹியூமனாய்ட் பக்கம்.

மேல்தோல். உடம்பு முழுவதும் ரோமமோ செதிலோ இறகோ மூடியிருக்கிறதா, இல்லை அங்கங்கே திட்டாக இருக்கிறதா?

கால், கை. குதிகால் தரையில் படாமல் விரல்களில் நிற்கும் காலா, முழுப் பாதமும் ஊன்றும் காலா? குளம்பா? உள்ளங்கையில் மெத்தை போன்ற சதை இருக்கிறதா?

முகமும் மற்ற இரண்டும் முரண்பட்டால் முகத்தின் பேச்சைக் கேளுங்கள். இந்த ஒன்றை மட்டும் பின்பற்றினாலே பெரும்பாலான படங்கள் முடிந்துவிடும். காதையும் வாலையும் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னும் இரண்டு பெட்டிகள் உண்டு. இயல்பான மிருக உடலோடு இருப்பது ஃபெரல். அது பேசினாலும் கழுத்தில் துண்டு கட்டியிருந்தாலும் ஃபெரல்தான். இடுப்புக்கு மேல் இரு கையுள்ள உடலும் கீழே நாலு கால் மிருக உடலும் இருந்தால் டார், அதாவது கிரேக்கக் கதைகளில் வரும் சென்டார் வகை. ஆந்த்ரோவா ஹியூமனாய்டா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்ட சில படங்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தளத்தின் டேக் விளக்கப் பக்கம் இதற்கு மாறாகச் சொன்னால் அந்தப் பக்கம் சொல்வதுதான் செல்லும். அதை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

## அறிகுறி: காதும் வாலும் மட்டும்தான் மிருகம், ஆனால் ஆந்த்ரோ என்று விழுந்திருக்கிறது

எனக்கு வருவதில் அதிகம் இதுதான். மனித முகம், மனிதத் தோல், தலைமேல் நரிக்காது, பின்னால் வால்.

### பதிவேற்றியவர் இனத்தின் பெயரைப் பார்த்து டேக் போட்டாரா?

தலைப்பில் "நரிப் பெண்" என்று இருக்கும். நரி என்றதும் கை தானாக ஆந்த்ரோவுக்குப் போய்விடும். மூன்று பார்வையை நடத்துங்கள். முகம் மனித முகம் என்றால் ஆந்த்ரோவை எடுத்துவிட்டு ஹியூமனாய்ட் போடுங்கள். நரி என்ற இன டேகை அப்படியே விடலாமா என்பது தளத்துக்குத் தளம் மாறும். சில இடங்களில் மிருகத்துக்கு ஒரு டேக், அந்த மிருகக் காதுள்ள மனித உருவுக்குத் தனி டேக் என்று பிரித்திருப்பார்கள்.

### காது உண்மையா, மாட்டியதா?

தலைமுடிக்குள் பட்டை தெரிகிறதா பாருங்கள். தொப்பியில் தைத்த காது, மிருக வடிவத் தூங்கும் உடை, ஃபர்சூட் என்னும் முழு மிருக வேட உடைக்குள் நிற்கும் ஆள் எல்லாம் மனிதர்தான். இரண்டு டேகுமே வேண்டாம். கழுத்தில் தையல் கோடு, முதுகில் ஜிப், முகமூடியின் கண் துளை வழியே தெரியும் கண் ஆகியவை நல்ல தடயங்கள். டான்போரு என்ற அனிமே பாணிப் படத் தளத்தில் மாட்டிய காதுகளுக்கென்றே தனி டேக் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டில் மனிதக் காதும் தெரிகிறது, ஆகவே மேலே இருப்பது மாட்டியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாலு காதோடு வரைகிற ஓவியர்கள் இருக்கிறார்கள். பட்டையோ கொக்கியோ தெரிந்தால் மட்டும் மாட்டியது என்று கொள்ளுங்கள்.

### ஜப்பானிய டேகை மாற்றி எழுதும்போது தவறியதா?

பிக்சிவ் என்ற ஜப்பானிய ஓவியத் தளத்தில் இருந்து வரும் படங்களில் இது அடிக்கடி நடக்கும். கெமோனோ என்றால் மிருகம். அங்கே இந்த டேக் மூஞ்சியும் ரோமமும் உள்ள உருவங்களுக்கு. கெமோனோமிமி என்றால் மிருகக்காது. மிமி என்றால் காது. சுருக்கி கெமோமிமி என்றும் எழுதுவார்கள். முதலாவது கிட்டத்தட்ட நம் ஆந்த்ரோ, இரண்டாவது ஹியூமனாய்ட். பார்க்க ஒரே சொல் போல இருப்பதால் இரண்டையும் ஆந்த்ரோ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஜூஜின் என்ற மூன்றாவது சொல்தான் வம்பு. மிருக மனிதர் என்று பொருள். மூஞ்சியுள்ள உருவத்துக்கும் அதைப் போடுகிறார்கள், காது மட்டும் உள்ளதற்கும் போடுகிறார்கள். ஜூஜின் என்று கண்டால் மொழிபெயர்க்காதீர்கள், படத்தைப் பாருங்கள். பிக்சிவில் ஒரு படத்துக்குப் பத்து டேகுக்கு மேல் இடமில்லை, அதனால் ஓவியர் எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லியிருப்பார் என்றும் எதிர்பார்க்க முடியாது. கெமோ-டோ என்று ஒரு பேச்சும் அங்கே உண்டு. ஓர் உருவம் எவ்வளவு மிருகம் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் முறை. காதும் வாலும் மட்டும் உள்ளது கீழ்ப்படி. ஓவியர் அந்தப் படியைக் குறிப்பில் எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

### எப்போது கேட்க வேண்டும்?

ஒரு படத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே மாற்றுங்கள். ஒரே ஆள் பதிவேற்றிய ஐம்பது படத்திலும் இதே தவறு இருந்தால் மாற்றிக்கொண்டே போகாமல் அவருக்கு ஒரு மரியாதையான செய்தி அனுப்புங்கள். பெரும்பாலும் தெரியாமல்தான் செய்திருப்பார். நான் எழுதியவர்களில் பலர் அன்றே தங்கள் படங்களைத் தாங்களே திருத்தியிருக்கிறார்கள்.

## அறிகுறி: தலை மிருகம், கழுத்துக்குக் கீழே முழு மனிதன்

எகிப்தின் அனுபிஸ், கிரேக்கத்தின் மினோட்டார், நம் நரசிம்மர், வராகர். இந்தக் குடும்பம் முழுவதும் ஹியூமனாய்ட் என்று டேக் விழுந்து வரும். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: படத்தில் தலையை விட உடம்பு பெரிது, கண் அங்கேதான் முதலில் போகிறது.

மாமல்லபுரம் வராக மண்டபத்தின் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத்தைப் பார்த்து ஒருவர் டிஜிட்டலில் வரைந்த படம் ஒருமுறை என் வரிசைக்கு வந்தது. பன்றி முகம், விரிந்த மனித மார்பு, தூக்கி மடித்த மனிதக் கால். ஹியூமனாய்ட் என்று இருந்தது. அந்தக் கூம்பிய மூஞ்சியை ஒருமுறை பார்த்தாலே போதும், ஆந்த்ரோதான். ஆனாலும் எனக்குத் தயக்கம் இருந்தது. கையிலோ காலிலோ மிருகத்தின் சாயலே இல்லை. தளத்தின் விளக்கத்தை மறுபடி படித்தேன், மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது இன்றுவரை எனக்கு உதவுகிறது: "ஆந்த்ரோ தேடுகிற ஆளிடம் இந்தப் படத்தைக் காட்டு. ஏன் காட்டினாய் என்று கேட்பாரா? ஹியூமனாய்ட் தேடுகிறவரிடம் காட்டு. அவர் கேட்பாரா?" இரண்டாமவர் கட்டாயம் கேட்பார்.

இந்த உருவம் ஒன்றும் புதிதல்ல. 1939இல் தெற்கு ஜெர்மனியின் ஹோலென்ஸ்டைன்-ஸ்டாடல் குகையில் மம்மத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பொம்மை துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒட்டி நிறுத்தியபோது சுமார் 31 சென்டிமீட்டர் உயரத்தில், சிங்கத் தலையும் நிமிர்ந்த மனித நிலையுமாக ஓர் உருவம் எழுந்தது. வயது ஏறத்தாழ 40,000 ஆண்டு. அதன் படத்தை யாராவது பதிவேற்றினால் நான் தயங்காமல் ஆந்த்ரோ போடுவேன்.

### முதலில் முகமூடியா என்று பாருங்கள்

அனுபிஸ் படங்களில் இது முக்கியம். குள்ளநரி முகமூடி போட்ட பூசாரியை வரைகிறவர்களும் உண்டு. தலையின் நிறம் கழுத்தில் கத்தி வைத்து வெட்டியது போல மாறுகிறதா, கண் அசைவற்ற கல் போல இருக்கிறதா, தாடைக்குக் கீழே மனித முகவாய் எட்டிப் பார்க்கிறதா? இருந்தால் மனிதர்.

### ரோமம் கழுத்தில் நின்றுவிடுகிறதா, இறங்குகிறதா?

தோளிலும் முன்கையிலும் ரோமம் இறங்கினால் கேள்விக்கே இடமில்லை, ஆந்த்ரோ. கழுத்தோடு நின்றால் பெரும்பாலான தளங்களில் அப்போதும் ஆந்த்ரோதான். ஆனால் மிருகத்தலை மனிதருக்கென்று தனி டேக் வைத்திருக்கும் தளங்கள் உண்டு, அதையும் தேடிப் பாருங்கள்.

### தெய்வ உருவங்கள்

தெய்வத்தின் பெயர் டேக் தனியாக இருக்க வேண்டும். உடல் வகை டேக் அதற்கு மாற்று அல்ல. பக்தியோடு வரைந்த ஒருவருக்குத் தன் நரசிம்மர் மேல் ஆந்த்ரோ என்று எழுதியிருப்பது வருத்தம் தரலாம். அந்த வருத்தம் நியாயமானது. அவர் எடுக்கச் சொல்லிக் கேட்டால் நீங்களாக வாதிட வேண்டாம், மாடரேட்டரிடம் கொண்டுபோங்கள்.

ஆஞ்சநேயரை ஒரே டேகில் அடைக்கவே முடியாது. நாட்காட்டிப் படங்களில் வாய்ப்பகுதி மட்டும் சற்றுப் புடைத்த மனித முகமாக இருப்பார். வேறொருவர் முழு ரோமத்தோடு குரங்கு முகமாகவே வரைந்திருப்பார். முன்னது ஹியூமனாய்ட், பின்னது ஆந்த்ரோ. ஒவ்வொரு படமாகத்தான் பார்க்க வேண்டும், பெயரை வைத்து மொத்தமாக மாற்றக் கூடாது.

## அறிகுறி: முகம் மனிதன், உடம்பில் பாதி மிருகம்

மேலே சொன்னதற்கு நேர் எதிர்.

இடுப்புக்குக் கீழே இரண்டு ஆட்டுக்கால்: கிரேக்க சாட்டிர், ரோமானிய ஃபான். ஹியூமனாய்ட். சிதம்பரத்தில் வணங்கப்படும் வியாக்ரபாதரும் இந்த அமைப்புத்தான், புலிக்கால் முனிவர்.

இடுப்புக்குக் கீழே பாம்பு: பதஞ்சலி, நாகினி, லாமியா. ஹியூமனாய்ட், கூடவே பாம்புடலுக்கான டேக். கால் இல்லாததால் இது டார் அல்ல என்று சில தளங்களும், டார் வகையில் ஒன்று என்று சில தளங்களும் கொள்கின்றன. விளக்கப் பக்கத்தைப் பாருங்கள்.

இடுப்புக்குக் கீழே நாலு கால்: டார். இங்கே நின்றுவிடுங்கள்.

கைக்குப் பதில் இறக்கை: ஹார்பி. முகம் மனித முகமாக இருக்கும் வரை ஹியூமனாய்ட். அலகு வரைந்திருந்தால் ஆந்த்ரோ.

மனிதத் தலை மட்டும், உடல் முழு மிருகம்: நம் கோயில் சிற்பங்களில் வரும் புருஷாமிருகம், எகிப்தின் ஸ்பிங்க்ஸ். இதற்கு ஹியூமனாய்ட் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். முகத்தின் பேச்சைக் கேளுங்கள் என்று நானே மேலே சொன்னேன். ஆனால் அந்த விதி நிமிர்ந்து நிற்கும் உடலுக்கு. உடல் நாலு காலில் படுத்திருக்கும்போது அதை மனித உருவம் என்று தேடுகிறவர் யாரும் இல்லை. பல தளங்களில் இது ஃபெரல், கூடவே மனித முகம் என்ற டேக்.

கடினமானது ஒன்று பாக்கி: மனித முகம், ஆனால் கன்னம் வரை முழு உடலும் ரோமம். இங்கே நான் மூக்கைப் பார்க்கிறேன். மூக்குத் தண்டும் உதடும் தோலாக இருந்தால் ஹியூமனாய்ட். முகத்திலும் ரோமம், மூக்கு நுனியும் மிருக மூக்கு என்றால் ஆந்த்ரோ. இரண்டுக்கும் நடுவில் நின்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: ஒரே படத்தின் டேக் முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கிறது

திருத்த வரலாற்றைத் திறந்தால் ஆந்த்ரோ, ஹியூமனாய்ட், ஆந்த்ரோ, ஹியூமனாய்ட் என்று நாலு வரி. இரண்டு பேருமே தங்கள் வரையில் சரியாகத்தான் யோசித்திருப்பார்கள். எங்கே பிரிந்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

### படம் வெட்டப்பட்டிருக்கிறதா?

ஒருவர் முழுப்படத்தை வேறெங்கோ பார்த்திருப்பார். இன்னொருவர் இங்கே இருக்கும் தோள் வரையிலான துண்டை மட்டும் பார்க்கிறார். மூலப் படத்தின் சுட்டி இருந்தால் திறந்து பாருங்கள், ஆனால் டேக் இங்கே இருக்கும் துண்டுக்குத்தான். முதுகைக் காட்டி நிற்கும் உருவத்துக்கும் இதே கதை. முகம் தெரியாவிட்டால் மேல்தோல், அதுவும் உடையால் மூடியிருந்தால் கைவிரல். எதுவுமே தெரியவில்லை என்றால் உடல் வகை டேகை விட்டுவிடலாம். ஊகித்துப் போடுவதை விட வெறுமையாக விடுவது நல்லது.

### முகம் தட்டையான பாணியா?

கெமோனோ பாணி ஓவியர்கள் மூஞ்சியை மிகக் குட்டையாக வரைவார்கள். கண் பெரிது, முகம் கிட்டத்தட்டத் தட்டை. நேராகப் பார்க்கும் கோணத்தில் மூஞ்சி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இதில்தான் சண்டை அதிகம். நான் பார்க்கும் தடயங்கள்: மேலுதடு மூக்கிலிருந்து நடுவே பிளந்து இறங்குகிறதா? வாயைச் சுற்றி வெளிர் நிறத் திட்டு இருக்கிறதா? முகத்தின் நிறம் காதோடும் கழுத்தோடும் ஒரே ரோமமாக ஓடுகிறதா? இவற்றில் இரண்டு இருந்தால் எனக்குப் போதும், ஆந்த்ரோ. குட்டி பொம்மை பாணியில் முகம் ரெண்டு புள்ளியும் ஒரு கோடுமாக இருந்தால் முகத்தை விட்டுவிட்டு மேல்தோலுக்குப் போங்கள்.

### ஒருவர் கதையை நம்புகிறார், ஒருவர் படத்தை நம்புகிறாரா?

"இந்தக் கதாபாத்திரம் ஓநாய், எனக்குத் தெரியும்" என்பார் ஒருவர். இந்தப் படத்தில் ஓவியர் அதை மனித வடிவில், வால் மட்டும் வைத்து வரைந்திருப்பார். பார்ப்பதை மட்டும் டேக் செய் என்பது பல தளங்களின் அடிப்படை விதி. அப்படியானால் இது ஹியூமனாய்ட். கதாபாத்திரத்தின் பெயர் டேக் அதன் இடத்தில் இருக்கும், மாற்று வடிவம் என்பதற்கு டேக் இருந்தால் அதையும் சேருங்கள். ஓவியர் சொல்வதே இறுதி என்று வைத்திருக்கும் தளங்களும் உண்டு, அங்கே படம் என்ன காட்டினாலும் அவர் எழுதிய வகைதான்.

நான் பட்ட பாடு இங்கே ஒன்று. சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு கதாபாத்திரத்தின் பத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் இருந்த இருநூறு சொச்சம் படங்களையும் ஒரே நடையில் ஆந்த்ரோ என்று மாற்றினேன். அதில் கணிசமானவை மனித வடிவில் வரைந்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து திருப்ப மூன்று மாலை ஆனது. அதற்குள் ஓர் ஓவியர் தன் படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதிலிருந்து பெயரை வைத்து மொத்தமாக எதையும் தொடுவதில்லை.

### விளக்கப் பக்கமே மாறிவிட்டதா?

விளக்கப் பக்கத்துக்கும் திருத்த வரலாறு உண்டு. சண்டை தொடங்கிய தேதியையும் விளக்கம் மாறிய தேதியையும் ஒப்பிடுங்கள். ஒருவர் பழைய வரையறையில் நிற்கிறார் என்று தெரிந்தால், அவருக்குப் புதிய பத்தியின் சுட்டியை அனுப்பினாலே முடிந்துவிடும்.

### எப்போது கேட்க வேண்டும்?

நீங்கள் ஒருமுறை மாற்றினீர்கள், எதிராளி திருப்பிவிட்டார். அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது முறை மாற்றாமல் அவருக்கு எழுதுங்கள். பதில் இல்லை, அல்லது ஒத்துவரவில்லை என்றால் மாடரேட்டர். ஓவியர் இன்னும் தளத்தில் இருக்கிறார் என்றால் அவரிடமும் கேட்கலாம், ஆனால் "மூஞ்சி வரைந்திருக்கிறீர்களா, மூக்கு மட்டுமா?" என்று படத்தைப் பற்றிக் கேளுங்கள். ஆந்த்ரோவா ஹியூமனாய்டா என்று கேட்டால் அவர் தன் சொந்த வரையறையில்தான் பதில் சொல்வார்.

## அறிகுறி: ஒரே படத்தில் இரண்டு டேகும் இருக்கின்றன

பிழையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. டேக் கதாபாத்திரத்துக்கு அல்ல, படத்துக்கு. ஒரு ஓநாயும் ஒரு பூனைக்காதுப் பெண்ணும் பக்கத்தில் நின்றால் இரண்டும் சரி. மனிதன் ஓநாயாக மாறும் நாலு கட்டப் படத்திலும் இரண்டும் சரி, மனிதர் என்ற டேகும் சேரும். தலைகளை எண்ணுங்கள்; ஒரே உருவம், ஒரே நிலை என்றால் மட்டும் ஒன்றை எடுங்கள்.

## அறிகுறி: மிருகமே இல்லை, ஆனாலும் ஆந்த்ரோ

எல்ஃப், கொம்புள்ள அரக்கன், நீலத்தோல் வேற்றுக்கிரகவாசி, மனித முகமுள்ள ரோபோ: ஹியூமனாய்ட். நீளக் காது என்பதற்காக எல்ஃப் ஆந்த்ரோ ஆகிவிடாது.

கையும் காலும் முளைத்த தேநீர்க் கெண்டி வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அகராதிப் பொருளில் அதுவும் மனிதத்தன்மை ஏற்றிய உருவம்தான், அதனால்தான் ஆந்த்ரோ என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் டேகாக ஆந்த்ரோ என்பதற்குப் பெரும்பாலும் மிருகம் என்ற எதிர்பார்ப்பு உண்டு. பொருள்களுக்குத் தனி டேக் தேடுங்கள். போர்க்கப்பலைப் பெண்ணாக வரைந்தால் அது இன்னொன்று. ஜப்பானியர்கள் கிஜின்கா என்கிறார்கள். டான்போருவில் ஆளுருவாக்கம் என்ற பொருளில் ஒரு டேக் இருக்கிறது. அந்தப் பெண்ணின் உடம்பு மனித உடம்பு, அவ்வளவுதான்.

## அறிகுறி: தானியங்கி டேகர் போட்ட பட்டியல் முழுவதும் கோணல்

சமீப காலமாக இது கூடிவிட்டது. படத்தைக் கொடுத்தால் டேக் பட்டியல் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. டீப்டான்போரு போன்றவை டான்போரு தளத்தின் படங்களையும் டேகுகளையும் வைத்துப் பழக்கப்பட்டவை.

முதல் காரணம் அகராதி. 2005இல் தொடங்கிய டான்போருவில் பெரும்பகுதி அனிமே பாணி ஓவியம். அங்கே மூஞ்சியும் ரோமமும் உள்ள உருவத்துக்கு ஃபர்ரி, காது மட்டும் என்றால் மிருகக்காது. அந்தப் பட்டியலை வேறு தளத்தில் ஒட்டும்போது யாரோ மிருகக்காது என்பதை ஆந்த்ரோ என்று மாற்றியிருப்பார்கள். சொல்லுக்குச் சொல் பட்டியல் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பத்து வரி போதும்.

இரண்டாவது வரம்பு. மென்பொருள் ஒவ்வொரு டேகுக்கும் 0 முதல் 1 வரை ஒரு நம்பிக்கை எண் தருகிறது, 0.35 போன்ற குறைந்த வரம்பில் இயக்குகிறவர்கள் நிறைய. அந்த வரம்பில் அரைகுறை ஊகமெல்லாம் உள்ளே வந்துவிடும். உடல் வகை டேகுக்கு மட்டும் வரம்பை உயர்த்துங்கள். உயர்த்தியும் மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் சேமிக்காதீர்கள். தட்டை முகப் பாணியில் இந்த மென்பொருள்களை நான் நம்புவதில்லை.

## அறிகுறி: நீக்கிய டேக் தானே திரும்பி வருகிறது

ஆந்த்ரோவை எடுத்துச் சேமிக்கிறீர்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி இருக்கிறது. யாரும் உங்களோடு சண்டை போடவில்லை.

டேக் தொடர்புதான் காரணம். டான்போருவில் பூனைக்காது என்று போட்டால் மிருகக்காது என்பது தானாகச் சேரும். அப்படி ஒரு டேக் இன்னொன்றை இழுத்து வரும். உங்கள் படத்தில் இருக்கும் ஏதோ ஒரு டேக் ஆந்த்ரோவை இழுத்து வருகிறது. ஒவ்வொரு டேகின் விளக்கப் பக்கத்திலும் அது எதை இழுக்கிறது என்று எழுதியிருக்கும். இழுக்கும் டேகைக் கண்டுபிடித்து, அது தவறாகப் போடப்பட்டது என்றால் அதை நீக்குங்கள், ஆந்த்ரோ கூடவே போய்விடும், அல்லது அதன்பின் நீக்கினால் திரும்பி வராது.

அந்த டேகும் சரியாகத்தான் இருக்கிறது என்றால் தொடர்பையே தவறாக வைத்திருக்கிறார்கள். ஓர் இனப்பெயரை ஆந்த்ரோவோடு கட்டி வைத்திருப்பார்கள். அந்த இனத்தில் ஹியூமனாய்ட் உருவங்களும் இருப்பது அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. தேடலில் கூட்டமாகத் தவறான படங்கள் வருவதும், விலக்கு பட்டியல் வேலை செய்யாதது போலத் தெரிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இதை நீங்களாகச் சரிசெய்ய முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு தொடர்பை மாற்றினால் ஆயிரக்கணக்கான படங்கள் ஒரே நேரத்தில் நகரும். மொத்தத் திருத்தக் கோரிக்கை என்று ஒரு வழி பல தளங்களில் இருக்கிறது. அதில் எழுதி, மாடரேட்டர் முடிவுக்கு விட வேண்டும்.

கோரிக்கையில் நான் வைப்பவை இவ்வளவுதான்: இழுக்கும் டேகின் பெயர், அது எதை இழுக்கிறது, விளக்கப் பக்கத்தில் எந்த வரிக்கு முரண், தவறாக விழுந்த ஐந்து படங்களின் சுட்டி, சரியாக விழுந்த ஐந்து படங்களின் சுட்டி. கடைசி ஐந்தை மறக்காதீர்கள். தொடர்பை அறுத்தால் எந்தப் படங்கள் கையால் டேக் போட வேண்டிய நிலைக்கு வரும் என்பதை அவைதான் காட்டும். அந்த வேலையில் எத்தனை படங்களை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆள் இருக்கிறது என்று தெரிந்த கோரிக்கைகள் எங்கள் தளத்தில் சீக்கிரம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.